முட்டி வலி

செப்டம்பர் 14, சனி

இன்று நாற்பது நாள் உபவாசத்தைத் தொடங்கினேன். என் மகள் எப்சியின் பிரசவத்துக்காக. பகலில் தண்ணீர் மட்டும், சாயங்காலம் ஆறு மணிக்கு ஜெபித்துவிட்டுக் கஞ்சி. நாற்பது நாளும் கர்த்தர் எனக்குச் செய்வதை எழுதி வைக்க வேண்டும் என்று இந்த நோட்டை எடுத்திருக்கிறேன்.

மத்தியானம் சபைப் பெண்கள் ஏழு பேர் ஜெபக்கூட்டத்துக்கு வந்தார்கள். என் வீட்டுக்காரர் இறந்து இந்த இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைக் கூட்டம் என் வீட்டில்தான். நடத்துகிற புஷ்பரதி அக்கா ஓய்வுபெற்ற டீச்சர். இன்றும் எல்லாருக்கும் முன்னால் சொன்னாள்: "கிருபாவப் பாருங்க. ஞானதாஸ் தம்பி போனதுல இருந்து வீட்ட விட்டு எங்கயும் போகாம ஜெபத்துலயே இருக்கா. நாமளுந்தான் இருக்கோம், கல்யாண வீடு, சடங்கு வீடுன்னு அலஞ்சிட்டு."

நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

போகும்போது எல்லாரும் கேட் வரைக்கும் கூப்பிட்டார்கள். முட்டி வலி என்று சொல்லி வாசற்படியிலேயே நின்றுகொண்டேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

எப்சி போன் செய்தாள். ரத்த அழுத்தம் கூடுதலாக இருக்கிறதாம். டாக்டரம்மா படுக்கையிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார். பாளையங்கோட்டைக்குப் பிரயாணம் செய்யவே கூடாது என்றுவிட்டார். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்று நான் அறையெல்லாம் வெள்ளையடித்து வைத்திருந்தேன்.

"அப்ப நீ இங்க வந்துரும்மா. ஒன் மருமவன் கப்பல் வேலைல இருந்து வர டிசம்பராயிரும். அத்தையும் இல்ல. கீழ்வீட்டு அம்மா எத்தன நாளு பாத்துக்கிடுவாவ?"

"பாப்போம் மக்கா. கர்த்தர் வழி தொறப்பாரு."

"ஒரு மணி நேரம்மா. நம்ம கேடிசி நகர்ல பஸ் ஏறுனா நேரா தூத்துக்குடி."

"முட்டி வலிக்குதுட்டி."

அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். பிறகு, சாப்பிட்டியா என்று கேட்டாள். உபவாசம் என்று சொன்னேன். "எனக்காகவா?" என்றாள். சந்தோஷமாகக் கேட்டாளா வேறு மாதிரிக் கேட்டாளா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 18, புதன்

வெந்தயம், உளுந்து வறுத்துத் திரித்து வைத்தேன். எப்சிக்குக் களி கிண்ட வேண்டும். யார் கொண்டுபோவது?

செப்டம்பர் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் சபை ஐயர் எனக்கு வீட்டுக்கே நற்கருணை கொண்டுவந்தார். எங்கள் சபைக் குருவானவருக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். வரும்போதெல்லாம் கேட்பதைப் போல இன்றும், "முட்டிய டாக்டர்ட்ட காட்டுனீங்களாம்மா?" என்று கேட்டார். காட்டினேன், மாத்திரை தந்திருக்கிறார் என்றேன்.

ஐயரிடமே பொய், அதுவும் நற்கருணை வாங்கின வாயால். முட்டி வலிக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. குளிர்காலத்தில் வலிக்கத்தான் செய்கிறது.

செப்டம்பர் 26, வியாழன்

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் மளிகைச் சாமான் கொண்டுவந்தாள். ஆட்டோ ஓட்டுகிறவள். எனக்கு வேண்டியதையெல்லாம் இந்த இரண்டு வருஷமும் அவள்தான் வாங்கித் தருகிறாள். பரண் மேலிருந்த பித்தளைச் சட்டியை எப்சிக்காக எடுக்கலாம் என்று நான் ஸ்டூல் போட்டு ஏறியிருந்தேன். அவள் குரல் கேட்டதும் சட்டியோடு குதித்து இறங்கிவிட்டேன்.

பேச்சி என் காலைப் பார்த்தாள். "எக்கா, முட்டி வலின்னிய?"

"இப்ப கொஞ்சம் தேவல."

"அப்பன்னா வாங்க, நாளைக்கே எப்சி வீட்ல கொண்டு விடுதேன். ஆட்டோலயே போயிருவோம்."

"உபவாசம் முடியட்டும் பேச்சி."

அவள் சாமானை எண்ணி வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அவள் மேல் ஏனோ கோபம் வந்தது. சாயங்காலம் வரை இருந்தது.

அக்டோபர் 1, செவ்வாய்

இன்று வெளியே போய்ப் பார்த்தேன். அதை எழுதிவிட வேண்டும்.

காலை பத்து மணி. முழங்காலில் நின்று ஜெபித்தேன். "கர்த்தாவே, இந்தப் பயத்தை என்னைவிட்டு எடுத்துப்போடும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பயம் என்ற வார்த்தையை ஜெபத்தில் நான் சொன்னது இதுதான் முதல் தடவை. பிறகு செருப்பு போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்தேன். வெயில் நன்றாக இருந்தது. தெருவில் யாருமில்லை. மூன்றாவது வீடு தாண்டுவதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிற்று. செத்துப்போவேன் என்று நினைத்தேன். இல்லை, நான் சாவேன் என்றுகூட இல்லை, யாரோ சாகப்போகிறார்கள், என்னால்தான் என்று நினைத்தேன். சத்துருவாகிய சாத்தானைக் கடிந்துகொண்டேன். "அப்பாலே போ" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். திரும்பி ஓடிவந்துவிட்டேன்.

சத்துரு போகவில்லை. அல்லது அது சத்துரு இல்லையோ? நான் யாரைப் போகச் சொல்கிறேன்? உள்ளே வந்து கேட்டைச் சாத்தின மாத்திரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அந்தச் சமாதானம் கர்த்தர் தந்ததா, கேட் தந்ததா? இப்படி எழுதுவதே பாவமா?

அக்டோபர் 4, வெள்ளி

ஷெர்லின் வந்தாள். எங்கள் சபைதான், கல்யாணமாகி ஐந்து வருஷமாகிறது. தனியாக ஜெபிக்க வேண்டும் என்றாள். மார்பில் ஒரு கட்டி இருக்கிறதாம். ஈஸ்டரிலிருந்து இருக்கிறதாம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

"ஒங்கள மாதிரி நானும் காத்திருந்து ஜெபிக்கலாம்னு இருக்கேன்க்கா. விசுவாசமா இருந்தா மாறிருமில்லா?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "கோட்டிக்காரி மாதிரிப் பேசாத" என்று கத்திவிட்டேன். "ஜெபிப்போம். ஜெபிச்சிட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. நாளைக்குன்னு வைக்காத."

அவள் பயந்துபோய்ப் பார்த்தாள். ஜெபித்தோம். எழுந்திருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒத்தைல போகப் பயமா இருக்கு. நீங்க தொணைக்கு வாரியளாக்கா?"

முட்டி வலி என்றேன்.

அவள் போனபிறகு வெகுநேரம் அந்த இடத்திலேயே இருந்தேன். கஞ்சி வைக்கவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

ஷெர்லின் போன் செய்தாள். வெறும் நீர்க்கட்டியாம், பயப்பட ஒன்றுமில்லையாம். ஸ்தோத்திரம். மூன்று மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாளாம். அதை அவள் குறையாகச் சொல்லவில்லை.

அக்டோபர் 9, புதன்

பேச்சியிடம் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. முருங்கைக்கீரை கொண்டுவந்தாள், இரண்டு பேரும் அடுக்களையில் உட்கார்ந்து உருவிக்கொண்டிருந்தோம். "எப்சி எனக்குப் போன் போட்டா எக்கா. அம்மாவுக்கு என்ன செய்யுது, என்ட்ட மறைக்காவ, நீங்களாவது சொல்லுங்கன்னு அழுதா" என்றாள்.

அவர் போன நாளைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஒன்பதாவது நாள் அது. டீ வேண்டும் என்று கேட்டார். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். டீ வாங்கின பிறகும் நான் உடனே திரும்பவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த வார்டு வாடையும் அவர் மூச்சு விடுகிற சத்தமும் இல்லாமல், வெயிலில், போகிற வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். சுகமாக இருந்தது. அப்படியே ஒரு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டால் என்ன என்றுகூட நினைத்தேன். திரும்பிப் போனபோது கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள்.

பேச்சி கீரையை உருவுவதை நிறுத்தவில்லை.

"நீங்க நின்னதுனாலதான் அண்ணன் போனாவன்னு எந்த டாக்டர் சொன்னாவ?"

"யாரும் சொல்லல."

"ஒங்க சாமி சொல்லிச்சா?"

"இல்ல."

"பெறகு?"

அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. கீரையை அலசிவிட்டு, "நாளைக்கு என் ஆட்டோல வந்து சும்மா இருங்க. ஓட்டமாட்டேன். சாவியக் கூட ஒங்க கைல தந்துருதேன்" என்றாள்.

அக்டோபர் 10, வியாழன்

ஆட்டோவில் இருந்தேன். ஆட்டோ ஓடவில்லை. பேச்சி முன்னால் உட்கார்ந்து பல்லிடுக்கைக் குத்திக்கொண்டு மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம்.

அக்டோபர் 11, வெள்ளி

தெருமுனை அடிபம்பு வரைக்கும் போனோம். கண்ணை மூடிக்கொண்டேன். நெஞ்சு அதே மாதிரிதான் அடித்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

ஐயரிடம் உண்மையைச் சொன்னேன். முட்டி, டாக்டர், மாத்திரை எல்லாம் பொய் என்று சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். பாவம், அவர் முகம் சிறுத்துவிட்டது. "ரெண்டு வருஷமா வாரேன், எனக்குத் தெரியாமப் போச்சேம்மா" என்றார்.

"இது விசுவாசக் குறைச்சலா ஐயா? காத்திருக்கணுமா? இல்ல, நானே ஏதாவது செய்யணுமா? நானே செஞ்சா கர்த்தர நம்பலன்னு ஆயிராதா?"

"தெரியலம்மா. என் வீட்ல அவளுக்கு சுகர். ஊசி போடுதோம், ஜெபமும் பண்ணுதோம். எதுல சொகமா இருக்கான்னு நான் பிரிச்சுப் பாத்ததில்ல."

மனநல டாக்டர் ஒருவரின் நம்பரை எழுதித் தந்தார். பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டர். அந்தச் சீட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் அரிசி டப்பாவில் போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 19, சனி

கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். நான் ஜெபத்துக்காக வீட்டில் இருக்கவில்லை, பயந்துபோய் இருக்கிறேன் என்றேன். யாரோ "ஐயோ பாவம்" என்றார்கள். அது எனக்குச் சவுக்கடி மாதிரி இருந்தது.

புஷ்பரதி அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "இது பயத்தின் ஆவி. இன்னைக்கே போயிரும். எல்லாரும் வாங்க" என்று என்னை நடுவில் முழங்காலிட வைத்தாள். ஏழு பேரும் தலையில் கை வைத்து அரை மணி நேரம் ஜெபித்தார்கள். நானும் முழு மனதோடு ஜெபித்தேன். அழுதேன். உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது. போய்விட்டது என்று நினைத்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

பயம் போகவில்லை. ஆராதனைக்குக் கிளம்பினேன், அடிபம்பு வரும்போது எல்லாம் முன்போலவே வந்துவிட்டது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடிவரவில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம். இருநூறு எண்ணும்வரை நின்றுவிட்டுத் திரும்பினேன்.

ஏழு பேர் ஜெபித்தும் போகவில்லை என்றால் என்ன அர்த்தம்? கர்த்தர் கேட்கவில்லையா? கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறாரா? என்னிடம் வேறு ஏதாவது எதிர்பார்க்கிறாரா? எதிர்பார்த்தால் சொல்லித் தொலைக்கலாமே. (இப்படி எழுதியதற்கு மன்னியும்.)

அக்டோபர் 23, புதன். தூத்துக்குடி

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். நோட்டு என் பையிலேயே கிடந்திருக்கிறது. நேற்று நடந்தது.

காலை ஒன்பதரைக்கு எப்சியின் கீழ்வீட்டு அம்மா போன் செய்தார்கள். எப்சிக்கு வலிப்பு வந்துவிட்டது, நினைவில்லை, ஆம்புலன்ஸில் கொண்டுபோகிறோம், ஆபரேஷன் என்கிறார்கள், சீக்கிரம் வாங்க.

பேச்சியைக் கூப்பிட்டேன். தென்காசி சவாரியில் இருந்தாள். "ரெண்டு மணி நேரத்துல வந்துருதேன் எக்கா, இருங்க" என்றாள். ஐயர் போன் எடுக்கவில்லை. இருந்தேன். ஐந்து நிமிஷம் இருந்திருப்பேன். காத்திருப்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியுமே. நாற்காலியில் உட்கார்ந்து, "கர்த்தாவே, பயத்தை எடுத்துப்போடும், நான் போகிறேன்" என்றேன். பயம் கூடினது. மறுபடியும் சொன்னேன். இன்னும் கூடினது. அப்போது, எடுத்துப்போடாவிட்டால் போகமாட்டேனா என்று எனக்கே தோன்றியது. எப்சியின் முகம் வந்தது. "எடுக்காட்டாலும் பரவால்ல, கூட வாரும்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அது ஜெபமா, கோபமா என்று இப்போதும் தெரியவில்லை.

பஸ் நிறுத்தம் வரை நடந்ததில் பாதி எனக்கு ஞாபகமில்லை. வீட்டைப் பூட்டினேனா என்பதும் ஞாபகமில்லை. தூத்துக்குடி பஸ் வந்து நின்றதும் ஏறிவிட்டேன். வல்லநாடு வருவதற்குள் புடவை தொப்பலாக நனைந்துவிட்டது. மூச்சு ஏறவில்லை. எழுந்து, "இறக்கி விடுங்க, இறக்கி விடுங்க" என்று கண்டக்டரிடம் சொன்னேன்.

"எந்த ஊரும்மா?"

"தூத்துக்குடி."

"தூத்துக்குடிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கே. இங்க இறங்கி என்ன செய்வீங்க?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். உண்மையாகவே, இங்கே இறங்கி நான் என்ன செய்வேன்? இங்கேயும் பயம்தான், அங்கேயும் பயம்தான். அங்கேயாவது பிள்ளை இருக்கிறாள். உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் காலேஜ் போகிற பெண் ஒருத்தி, தலை சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டு இரண்டு நெல்லிக்காயும் உப்பும் தந்தாள். வாங்கித் தின்றேன். ஆஸ்பத்திரிக்கு வந்து வெகுநேரம் கழித்துத்தான், உபவாசத்தின் முப்பத்தொன்பதாவது நாள் அது என்ற ஞாபகமே வந்தது.

ஆபரேஷன் அறை வாசலில் கீழ்வீட்டு அம்மா காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டு நின்றார்கள். கையெழுத்துப் போட அவர்களுக்குப் பயம். கப்பலுக்குப் போன் போகவில்லை. நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள்.

"அம்மா."

என் பெயரே எனக்கு அடையாளம் தெரியாதபடி விழுந்தது. போட்டேன்.

பெண் பிள்ளை. இரண்டு கிலோ நூறு. அழுதது. எப்சிக்குச் சாயங்காலம் வரை நினைவு திரும்பவில்லை. நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன். பயம் என் பக்கத்திலேயே இருந்தது, ஓடிப்போ, ஓடிப்போ என்று சொல்லிக்கொண்டு. எழுந்திருக்கவில்லை. ஐந்தரை மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

எப்சி கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. "நீ எப்டிம்மா வந்த?"

"பஸ்ல."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்துவிட்டேன்.

இன்று காலை டாக்டரம்மாவிடம், நான் வர இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "கையெழுத்துக்காக நாங்க காத்திருந்திருக்க மாட்டோம்மா. எடுத்திருப்போம்" என்றார். அப்படியானால் நான் வந்ததால்தான் பிழைத்தாள் என்று சொல்வதற்கில்லை. எப்சி அப்பா பக்கத்தில் நான் இல்லாததால்தான் அவர் போனார் என்றும் சொல்வதற்கில்லையோ? இதை யோசிக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. குழந்தை அழுகிறது.

அக்டோபர் 28, திங்கள்

எப்சி எழுந்து நடந்தாள். களி கிண்டினேன். அடி பிடித்துவிட்டது.

நவம்பர் 3, ஞாயிறு

எப்சி வீட்டுக்கு வந்து நான்கு நாளாகிறது. பேச்சி என் உடுப்பெல்லாம் ஆட்டோவில் கொண்டுவந்து தந்தாள். வீட்டைப் பூட்டாமல்தான் வந்திருக்கிறேன், அவள்தான் பூட்டினாளாம். ஐயர் தந்த நம்பருக்குப் போன் செய்தேன். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். கீழே கடைக்குப் போய் வருகிறேன். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடிக்கிறது. சில நாள் பாதியில் திரும்புகிறேன்.

மத்தியானம் புஷ்பரதி அக்கா போன் செய்தாள். ஏகப்பட்ட சந்தோஷம்.

"கிருபா, சொன்னேம்லா? அன்னைக்குக் கை வச்சு ஜெபிச்சதுல ஆவி போயிற்று. அடுத்த ஞாயித்துக்கிழமை நீ சபைல சாட்சி சொல்லணும். ஐயர்ட்ட நான் பேசுதேன்."

சரி என்று சொல்லியிருக்கலாம். எல்லாருக்கும் அது சந்தோஷமாக இருக்கும். கர்த்தருக்கும் மகிமை என்பார்கள். ஆனால் இரண்டு வருஷம் ஒரு பொய்யைச் சுமந்தாயிற்று.

"அக்கா, பயம் போகல."

"என்னட்டி சொல்லுத? நீ போனியே!"

"ஆமா. பயம் போகலக்கா. நான்தான் போனேன்."

போனில் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டாள், வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். கூட்டத்தை இனி வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவாள், போகட்டும் என்றும் நினைத்தேன். பிறகு மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"கர்த்தர் ஒன் கூட வந்தாரா கிருபா?"

"வந்தாருன்னுதான் நெனைக்கேன். அப்ப தெரியல. பயம் மட்டுந்தான் தெரிஞ்சுது."

அப்புறம் அவள் பேசினபோது, கூட்டம் நடத்துகிற குரலாக இல்லை. அவளிடம் அப்படி ஒரு குரல் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

"மூணு மாசமா எனக்கு ஜெபமே வரல. முழங்கால்ல நிப்பேன். வாய் மட்டும் பேசும். உள்ள ஒண்ணுமே இருக்காது. அன்னைக்கு ஒன் தலைல கை வச்சப்பவும் அப்டித்தான். யார்ட்டயும் சொல்லல கிருபா. நான் போயி யார்ட்ட சொல்லுவேன்?"

ஜெபியுங்கள் என்று சொல்ல முடியாது. அதுதானே வரவில்லை என்கிறாள். உள்ளே குழந்தை அழ ஆரம்பித்தது. எப்சி என்னைக் கூப்பிட்டாள். நான் போய்க் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டேன். போனை மட்டும் வைக்கவில்லை.

"சொல்லுங்கக்கா" என்றேன். "கேக்கேன்."